பெங்களூரில் கார் ஓட்டுகிறீர்களா? ஸ்பார்க் பிளக் மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், மடிவாளா, ஓசூர் ரோடு என்று பெங்களூரில் பரவியிருக்கும் தமிழ் நண்பர்கள் கார் சர்வீஸ் சமயத்தில் கேட்கும் கேள்விகளைத் திரட்டி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் பெட்ரோல் கார்களைப் பற்றியவை. இன்ஜினுக்குள் பெட்ரோலையும் காற்றையும் மின்பொறியால் பற்றவைக்கும் சின்ன பாகம்தான் ஸ்பார்க் பிளக். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேனுவலில் இருக்கும் கி.மீ. எண் கடைசிக் கெடு. அதுவரை பிளக்கைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த ஊர் நெரிசலில் ஓடும் வண்டிக்கு, பாதி வழியிலேயே ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் சரி.

எத்தனை கி.மீ.-க்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

உங்கள் காரில் எந்த வகை பிளக் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண நிக்கல் பிளக் என்றால் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை. பிளாட்டினம், இரிடியம் வகைகள் 80,000 முதல் 1,00,000 கி.மீ. வரை தாக்குப்பிடிக்கும். இது பொதுவான கணக்கு. ஒரே மாடலில்கூட, தயாரித்த ஆண்டைப் பொறுத்து பிளக் வகை மாறியிருக்கும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கும் மேனுவலில் ‘பராமரிப்பு அட்டவணை’ பக்கத்தைப் பாருங்கள். பல மேனுவல்களில் கி.மீ.-யோடு ஆண்டுக் கணக்கும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

பெங்களூர் டிராஃபிக்கில் பிளக் சீக்கிரம் தேயும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, பொறிகளின் எண்ணிக்கை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் என்ற சுழல் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் ஒருமுறை பொறி விடும். சேலம் நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில், 2,500 ஆர்பிஎம்-ல் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஒரு பிளக் 75,000 முறை பொறி விடும். அதாவது ஒரு கி.மீ.-க்கு சுமார் 940. அதே வண்டி சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை ஊர்ந்து போகிறது. சராசரி வேகம் 20 கி.மீ., நின்றதும் நகர்ந்ததும் சேர்த்து சராசரி 1,300 ஆர்பிஎம் என்று வைத்தால் மணிக்கு 39,000 பொறி. தூரத்தால் வகுத்தால் கி.மீ.-க்கு 1,950. ஓடோமீட்டர் (கி.மீ. கணக்கு மீட்டர்) காட்டும் அதே ஒரு கி.மீ.-க்கு, இங்கே பிளக் இரண்டு மடங்கு வேலை செய்திருக்கிறது. சிக்னலில் வண்டி நின்றாலும் இன்ஜின் ஓடுகிறதே, அந்த நேரம் ஓடோமீட்டரில் ஏறுவதில்லை.

ஆனால் ‘அப்படியென்றால் பிளக்கின் ஆயுள் பாதி’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, பெட்ரோல் எரியும் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. குறைந்த அழுத்தத்தில் பொறி தாவக் குறைந்த மின்னழுத்தமே போதும், அதனால் ஒவ்வொரு பொறியும் அரிக்கும் அளவும் குறைவு.

இரண்டாவது விஷயம்தான் நகரத்தில் அதிகம் படுத்தும்: கரி. பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான், தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஐடிலிங்கிலும் ஊர்ந்து செல்லும்போதும் நுனி அந்தச் சூட்டை எட்டுவதில்லை. டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் வண்டியை எடுத்து, இரண்டு கி.மீ. தள்ளியிருக்கும் பள்ளியில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும் கார்தான் இதில் அதிகம் அடிபடும். இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறோம். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊட்டப்படுகிறது, அதில் மிஞ்சும் கரி பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். படலம் தடித்தால் மின்சாரம் பிளக் முனைகளுக்கு இடையிலான இடைவெளியைத் தாவாமல் கரி வழியாகக் கசிந்துவிடும்.

எனவே நகருக்குள் மட்டுமே ஓடும் காருக்கு என் பரிந்துரை இது. நிக்கல் பிளக் என்றால் 20,000 கி.மீ.-லும், இரிடியம் என்றால் 40,000 முதல் 50,000 கி.மீ.-லும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நன்றாக இருந்தால் அப்படியே திரும்பப் போட்டுவிடலாம்.

பிளக் தேய்ந்தால் என்ன ஆகிறது?

நடு முனைக்கும் அதன் கீழே வளைந்திருக்கும் தரை முனைக்கும் இடையே உள்ள இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.8 முதல் 1.1 மி.மீ. இருக்கும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு அரித்துக்கொண்டு போகும். புது சோப்பின் விளிம்பு மழுங்குவதுபோல, முனையின் கூர்மையான ஓரங்கள் உருண்டுவிடும். இடைவெளியும் அகலமாகும். பொறி கூர்மையான ஓரத்திலிருந்து சுலபமாகத் தாவும். உருண்ட முனையிலிருந்து தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும்.

அந்த அதிக மின்னழுத்தத்தைக் கொடுக்க வேண்டியது, பேட்டரி மின்சாரத்தை உயர் மின்னழுத்தமாக மாற்றும் இக்னிஷன் காயில். பிளக் தேயத் தேய காயிலுக்குச் சுமை ஏறுகிறது, அதன் உள் இன்சுலேஷன் பலவீனமாகிறது. பிளக்கைத் தள்ளிப்போடுவதில் உண்மையான நஷ்டம் இங்கேதான் வரும். நிக்கல் பிளக் ஒன்று பெரும்பாலும் நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். காயில் ஒன்று ஆயிரங்களில் போகும், அதுவும் சிலிண்டருக்கு ஒன்று.

வண்டி ஓட்டும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய கார்பரேட்டர் வண்டிகளில் பிளக் மோசமானால் உடனே தெரிந்துவிடும். இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர் நிறைய சமாளித்துவிடுவதால், தெளிவாகத் தெரிவதற்குள் பிளக் வெகுவாகத் தேய்ந்திருக்கும். இருந்தாலும் கவனித்தால் சில அறிகுறிகள் பிடிபடும்.

முதலில் தெரிவது பாரம் ஏறும்போதுதான். நான்கு பேர், ஏசி, மூன்றாவது கியர், ஃபிளைஓவர் ஏற்றம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி ஒரு கணம் தயங்கி, ‘டக் டக்’ என்று வெட்டி இழுக்கும். பாரத்தில் சிலிண்டர் அழுத்தம் கூடுவதால் பொறி தாவக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும், தேய்ந்த பிளக் அங்கேதான் தோற்கும். சமதளத்தில் தனியாக ஓட்டும்போது அதே வண்டி ஒன்றும் காட்டாது. அதனால்தான் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினால் ‘நல்லாத்தானே இருக்கு’ என்கிறார்.

அடுத்தது காலை ஸ்டார்ட்டிங். செல்ஃப் வழக்கத்தைவிட நீளமாகச் சுற்றிய பிறகே பிடிக்கும். ஐடிலிங்கில் ஸ்டீயரிங் லேசாக நடுங்கும். ஆனால் மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த இன்ஜின்களுக்குக் கொஞ்சம் நடுக்கம் இயல்பு. முன்பு இல்லாத நடுக்கமா என்பதுதான் கேள்வி. மைலேஜ் குறைவதையும் அறிகுறியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, ஏனென்றால் இந்த ஊரில் ஒரு மழை பெய்து அவுட்டர் ரிங் ரோடு நின்றுபோனாலே மைலேஜ் இறங்கிவிடும்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி) போட்டுப் பாருங்கள். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக கராஜுக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அதை அழித்துவிடும். அதன் விலைக்கு முன் பிளக் விலை ஒன்றுமே இல்லை.

மிஸ்ஸிங் வந்தாலே பிளக்தான் காரணமா?

இல்லை. காயில், இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, அழுக்கேறிய த்ராட்டில் பாடி, குறைந்த கம்ப்ரெஷன் என்று பல காரணங்கள் உண்டு. பிளக்கா காயிலா என்று பிரித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஸ்கேனர் பி0302 காட்டுகிறதா? இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டாவதில் போட்டு, ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் குற்றவாளி காயில். பி0302-ஏ மறுபடி வந்தால் அடுத்து பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதைச் செய்யாமல் காயில் வாங்கிவரச் சொல்ல மாட்டார்.

இன்னொன்று, தண்ணீர். வாட்டர் சர்வீஸில் இன்ஜின்மேல் பிரஷரில் தண்ணீர் அடித்த மறுநாளே மிஸ்ஸிங் வந்தால், பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காயிலைத் தூக்கி, குழியைக் காற்றடித்து உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குழிக்குள் இருப்பது தண்ணீராக இல்லாமல் ஆயிலாக இருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் போய்விட்டது. அதை மாற்றாமல் புது பிளக் போடுவது வீண் செலவு.

டீசல் காருக்கு?

ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதில் இருப்பது குளோ பிளக். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் அது. பழுதானால் மட்டும் மாற்றினால் போதும்.

கழற்றிய பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. பிளக்கைப் போல இன்ஜினின் உள்நிலையை இவ்வளவு மலிவாகச் சொல்லும் பாகம் வேறில்லை. அதனால்தான் பிளக் மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எது எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசையாக அடுக்கி வைக்கச் சொல்லுங்கள், வரிசை கலைந்தால் பாதித் தகவல் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. அரை மணி நேரம் டிராஃபிக்கில் நின்று வந்த கையோடு கழற்றினால் பிளக் கருப்பாகத்தான் இருக்கும். அது ஐடிலிங்கின் நிறம். முந்தைய நாளே தேவனஹள்ளி பக்கமோ ஓசூர் பக்கமோ சீரான வேகத்தில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து, மறுநாள் இன்ஜின் ஆறியிருக்கும்போது கழற்றினால் உண்மை நிறம் தெரியும்.

வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. பிறகு இடைவெளியை மட்டும் அளந்தால் போதும்.

தொட்டால் கையில் ஒட்டும் காய்ந்த கருப்புக் கரி என்றால், பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அல்லது குறுந்தூர ஓட்டம், அல்லது பொறி பலவீனம். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எல்லா பிளக்கும் ஒரே மாதிரி கருப்பு என்றால் பொதுவான காரணம், ஒன்று மட்டும் கருப்பு என்றால் அந்த சிலிண்டரில்தான் சிக்கல்.

பளபளவென்று ஈரமான கருப்பு, ஆயில் வாசனை. இது கவலைப்பட வேண்டியது. ஆயில் உள்ளே வருகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. புது பிளக் போட்டால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும், மறுபடி அதே கதைதான். ஆயில் அளவைத் தவறாமல் பார்த்து வாருங்கள்.

வெள்ளை வெளேரென்று, நுனியில் சின்னக் கொப்புளங்களோடு இருந்தால் அதிகச் சூடு. கூலன்ட், பெட்ரோல் குறைவாகப் போகும் கோளாறு, தவறான பிளக், சரியாக இறுக்காத பிளக் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பீங்கானில் விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, மாற்றிவிடுங்கள்.

பீங்கானின் வெளிப்பகுதியில், உலோக உடல் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். ‘கேஸ் லீக் ஆகுது பாருங்க’ என்று சிலர் காட்டுவார்கள். அது லீக் இல்லை. உயர் மின்னழுத்தத்தைச் சுற்றியுள்ள காற்றில் மிதக்கும் ஆயில் துகள்கள் ஒட்டி உண்டாகும் கறை. அதற்காக பிளக்கை மாற்ற வேண்டியதில்லை.

சர்வீஸ் சென்டரில் 20,000 கி.மீ.-லேயே மாற்றச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

கேளுங்கள், ஆனால் மரியாதையாகவும் தெளிவாகவும் கேளுங்கள். ‘சார், அட்டவணையில் இருக்கிறதா? இல்லையென்றால் என்ன காரணம்? பிளக்கைக் கழற்றிக் காட்ட முடியுமா?’ இந்த மூன்று கேள்வி போதும். அட்டவணையில் இல்லை, அறிகுறியும் இல்லை, காட்டவும் மாட்டேன் என்றால் ‘இப்போது வேண்டாம், ஜாப் கார்டில் அப்படியே எழுதிவிடுங்கள்’ என்று சொல்லிவிடலாம். காட்டி, இடைவெளி அளவு தாண்டியிருப்பதை ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நிரூபித்தால், நன்றி சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மேனுவல் 1.0 மி.மீ. என்கிறது, 1.3 மி.மீ. தகடு தாராளமாக நுழைகிறது என்றால் அந்த பிளக்கின் வேலை முடிந்தது.

இதற்கு நேரெதிரானவர்களும் உண்டு. ‘வண்டி ஓடுதுல்ல, அப்புறம் ஏன் கை வைக்கணும்’ என்று 70,000 கி.மீ. வரை நிக்கல் பிளக்கை விட்டுவைப்பவர்கள். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினியம் ஹெட்டில் வெகுகாலம் கழற்றாமல் கிடக்கும் பிளக் மரையோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது உடைந்தாலோ மரை போனாலோ, ஹெட்டை இறக்கும் வேலையாகிவிடும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுத்தம் செய்து திரும்பப் போடலாமா?

நிக்கல் பிளக்கில், அவசரத்துக்கு, வழியில் நின்றுவிட்ட நிலையில் சரி. வழக்கமாக்கக் கூடாது. கரி போனாலும் உருண்ட முனை திரும்பக் கூர்மையாகாது. உப்புத்தாள் துகளும் கம்பி பிரஷ்ஷின் உலோகப் பொடியும் பீங்கானில் ஒட்டினால் அதுவே புதிய கசிவுப் பாதை. இரிடியம், பிளாட்டினம் பிளக்கில் கம்பி பிரஷ் படவே கூடாது. இரிடியத்தில் அந்த நடு முனை பெரும்பாலும் 0.4 முதல் 0.7 மி.மீ. தடிமனே உள்ள ஊசி. உடைந்தால் துண்டு சிலிண்டருக்குள் போகும்.

நிக்கலுக்குப் பதில் இரிடியம் போட்டால் மைலேஜ் கூடுமா?

நல்ல நிலையில் இருக்கும் நிக்கல் பிளக்கை எடுத்துவிட்டு இரிடியம் போட்டால் உணரும்படியான வித்தியாசம் எதுவும் இருக்காது. தேய்ந்துபோன பிளக்கை மாற்றினால் பிக்கப் திரும்பும், ஆனால் அது புது நிக்கலிலும் திரும்பும். இரிடியத்தின் உண்மையான நன்மை ஆயுள்தான். நிக்கல் சுமார் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,400 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். அதனால்தான் முனையை அத்தனை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. முனை மெல்லியதானால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும்.

பெட்டியில் இரிடியம் என்று எழுதியிருந்தாலே ஒரு லட்சம் கி.மீ. என்று எண்ணிவிடாதீர்கள். நடு முனை மட்டும் இரிடியமாக, தரை முனை சாதா நிக்கலாக இருக்கும் வகை உண்டு, அது தரை முனைப் பக்கம் தேய்ந்துவிடும். நீண்ட ஆயுள் வகையில் தரை முனையிலும் பிளாட்டினமோ இரிடியமோ பதித்திருப்பார்கள். கம்பெனியிலிருந்தே இரிடியம் வந்த காருக்குக் காசு மிச்சம் பிடிக்க நிக்கல் போடுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். போட்டாலும், கி.மீ. கணக்கு 30,000-த்துக்கு இறங்கிவிட்டது என்பதை மறக்கக் கூடாது.

நான்கில் ஒன்று மட்டும் கெட்டுவிட்டது. அதை மட்டும் மாற்றலாமா?

புது பிளக் போட்ட கொஞ்ச நாளிலேயே ஒன்றில் பீங்கான் உடைந்தது என்றால் அதை மட்டும் மாற்றலாம். வயதாகி ஒன்று போனது என்றால் மற்றவையும் அதே வயதுதான், செட்டாக மாற்றுங்கள். பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் எட்டு பிளக். முன்பக்கம் கைக்கு எட்டும் நான்கை மட்டும் மாற்றிவிட்டு எட்டுக்கும் பில் போடவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அசல் பிளக்கை எங்கே வாங்குவது? எண்ணை எப்படிப் படிப்பது?

உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் எல்லா பிராண்டும் கிடைக்கும். கார் கம்பெனியின் பாகக் கடையிலும் வாங்கலாம், விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். குஜிரி (பழைய சாமான்) கடையில் கழுவித் துடைத்து வைத்திருக்கும் பழைய பிளக் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இந்த ஊருக்கும் பிளக்குக்கும் பழைய உறவு உண்டு: ஆடுகோடியில் இயங்கிய மைக்கோ நிறுவனத்தின் பிளக்குகளைப் பழைய மெக்கானிக்குகள் இன்றும் நினைவுகூர்வார்கள். 2008-ல் அது போஷ் லிமிடெட் ஆனது.

எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் வேறு பிளக் என்று நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜிகே பிராண்டு எண்ணின் கடைசியில் கோடு போட்டு 11 என்றிருந்தால் இடைவெளி 1.1 மி.மீ. நடுவில் வரும் 5, 6, 7 போன்ற இலக்கம் வெப்ப அளவு. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் இலக்கம் கூடினால் ‘குளிர்’ பிளக், அதாவது சூட்டை வேகமாக ஹெட்டுக்குக் கடத்தும் வகை. போஷில் இது தலைகீழ்: இலக்கம் கூடினால் ‘சூடு’ பிளக். கடைக்காரர் ஒரு பிராண்டுக்குப் பதில் இன்னொன்றை ‘அதே நம்பர்தான்’ என்று கொடுத்தால் இதனாலேயே நம்ப முடியாது. அந்தந்த பிராண்டின் பொருத்தப் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடிப் பார்ப்பதே வழி.

போலிகள் இரிடியத்தில்தான் அதிகம். எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ அச்சாகியிருப்பது, நடு முனை மையத்திலிருந்து விலகியிருப்பது, வாஷர் தானாகக் கழன்று வருவது, நான்கு பெட்டிகளில் நான்கு விதமான அச்சு, சந்தையில் பாதி விலை. இவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள்.

நானே மாற்றலாமா?

மூன்று நான்கு சிலிண்டர் கார்களில், காயில்கள் மேலேயே தெரிகிற இன்ஜின் என்றால் கண்டிப்பாக முடியும். இன்டேக் மேனிஃபோல்டை (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) கழற்றினால்தான் பிளக் தெரியும் என்ற வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், இது முதல் விதி. சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை பிய்ந்து வரும். காயிலை எடுத்ததும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை அகற்றுங்கள், பிளக்கை எடுத்த பிறகு அது நேராக சிலிண்டருக்குள் விழும். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். புது பிளக்கை முதலில் கையால், கையால் மட்டுமே, திருகுங்கள். நான்கைந்து சுற்று தடையில்லாமல் போக வேண்டும். தடுத்தால் மரை குறுக்கே ஏறுகிறது, உடனே நிறுத்தித் திரும்ப எடுங்கள். முழுதாக உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் கருவி): 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புது பிளக்கைக் கையால் இறுகிய நிலையிலிருந்து அரை முதல் முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம். வழுக்கலில் அதிகமாக இறுக்கிவிடுவோம்.

கீழே தவறவிட்ட பிளக்கைப் போடாதீர்கள். உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

டர்போ பெட்ரோல், சிஎன்ஜி கார்களுக்கு ஏதாவது வித்தியாசம்?

உண்டு. டர்போவில் சிலிண்டர் அழுத்தம் அதிகம், அதனால் இடைவெளியைக் குறைத்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ. தேய்மானம் அங்கே சீக்கிரம் உறைக்கும். சிஎன்ஜி-யைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். பெட்ரோலில் நன்றாக ஓடும் வண்டி சிஎன்ஜி-க்கு மாற்றியதும் வெட்டினால், முதலில் பிளக்கைப் பாருங்கள். கம்பெனியே கிட் பொருத்திய கார் என்றால் அதற்குத் தனி அட்டவணை இருக்கும், பெட்ரோல் மாடலின் கணக்கு பொருந்தாது.

பெங்களூர் உயரத்தில் இருக்கிறதே, வேறு வெப்ப அளவு பிளக் வேண்டுமா?

வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர்தான். காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும், அதை இன்ஜின் கம்ப்யூட்டரே சரிசெய்துகொள்ளும்.

வீட்டிலிருந்தே வேலை. வண்டி வருடத்துக்கு 3,000 கி.மீ. கூட ஓடுவதில்லை. பிளக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

தேய்மானத்தைப் பற்றி வேண்டாம், கரியைப் பற்றியும் இறுகிப்போவதைப் பற்றியும் யோசியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பலருடைய வழக்கம். பேட்டரிக்கு நல்லது என்று செய்கிறார்கள், பிளக்குக்கு அது கெடுதல். அதைவிட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் நல்ல சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆண்டுக் கெடு வந்ததும், கி.மீ. எவ்வளவாக இருந்தாலும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். கிளம்பும் முன் மாற்றிவிடலாமா?

கெடு நெருங்கிவிட்டால் மாற்றுங்கள், ஆனால் முந்தைய நாள் மாலை வேண்டாம். ஒரு வாரம் முன்பே மாற்றி ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். சரியாக உட்காராத காயில், பாதி மாட்டிய கனெக்டர், விரிசல் விட்ட பிளக் எல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். போகும்போது பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று இறக்கம்தான் அதிகம், தேய்ந்த பிளக்கும் ஓடிவிடும். திரும்பும்போதுதான் தொப்பூர் கணவாயை ஏற வேண்டும். டிக்கி நிறைய அரிசி, தேங்காய், அம்மா கட்டிக்கொடுத்த மூட்டைகள், ஏசி, பின் சீட்டில் மூன்று பேர். வண்டி வெட்டி இழுத்தால் கியரைக் குறைத்து, ஏசியை அணைத்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் கொடுத்து ஏறுங்கள். செக் இன்ஜின் விளக்கு மின்ன ஆரம்பித்தால் லாரிகள் வேகமாக வரும் அந்தச் சாலையில் ஓரம் நிறுத்துவது ஆபத்து. ஹசார்ட் விளக்கைப் போட்டு, பாதுகாப்பான அகலமான இடம் வரை மெதுவாக நகர்த்தி, அங்கே நிறுத்தி உதவிக்கு அழையுங்கள்.